ஒட்டுப்பால், இணைப்பு

சுதர்ஷினி முதலில் அதை போனில் இருந்த பழுது என்றுதான் நினைத்தாள். ரப்பரைப் பற்றிய ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டு போன பெண்குரல், நடுவில் சம்பந்தமே இல்லாமல் "இணைப்பு" என்றது. கொஞ்சம் வாசித்தது. மறுபடியும் "இணைப்பு" என்றது. பிரேசில், இணைப்பு. மழைக்காடு, இணைப்பு. காதுக்குள் யாரோ குறுக்கே குறுக்கே பேசுவது போலிருந்தது.

பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவளுக்குப் பார்வை போயிருந்தது. ஆறாம் வகுப்பு பாதியில் நின்றது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். இலங்கையில், வரக்காப்பொலயிலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அண்ணன் ஏழுமலையோடும் அண்ணி விஜயகலாவோடும் இருந்தாள். அண்ணனுக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. அண்ணி ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவாள். சுதர்ஷினிக்கும் ஸ்டோரின் பின்பக்கம் ஒரு வேலை உண்டு. வெட்டிய மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு, வெட்டு வாயில் மிச்சமிருப்பது காய்ந்து நீளமான ரப்பர் நாராக ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஒட்டுப்பால். அடுத்த முறை வெட்டும்போது முதலில் அதை உரித்துக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். மரப்பட்டையும் தூசியும் சேர்ந்தே வரும். அந்தப் பட்டைத் துணுக்குகளைப் பிய்த்து எடுப்பதுதான் அவள் வேலை. விரல்களுக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. நாற்றம் மட்டும் பழகவில்லை.

போனை வரக்காப்பொல டவுனில் ஹுஸைன் நானாவின் கடையில் வாங்கினார்கள். பழைய போன்தான். அவருடைய மகள் இஸ்ரா கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டுக் கடையில் இருந்தாள். சுதர்ஷினியைக் கண்டதும், அந்த போனுக்குள்ளேயே இருந்த பேசும் வசதியைத் தேடி எடுத்துத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். விரலைக் கண்ணாடியில் நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதைக் குரல் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். ஆனால் சுதர்ஷினி பாட்டுக் கேட்பதற்கும் நேரம் பார்ப்பதற்கும் மேலே போகாமல் இருந்தாள். வாசிக்கலாம் என்று தோன்றி வாசித்த முதல் பக்கத்திலேயே இந்தத் தொல்லை.

அண்ணி டவுனுக்குச் சாமான் வாங்கப் போன அன்று இவளும் பஸ் ஏறினாள்.

"தங்கச்சி, இது நடுவுல நடுவுல இணைப்பு, இணைப்புங்குது. உள்ள என்னமோ கழண்டு போச்சு போல" என்று இஸ்ராவிடம் போனை நீட்டினாள்.

இஸ்ரா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். "பழுதில்ல அக்கா. இது ஒங்களுக்கு ஒரு வழியக் காட்டுது. எங்களுக்கு அந்தச் சொல் நீலமாத் தெரியும். ஒங்களுக்கு நீலத்தக் காட்ட ஏலாதே. அதான் வாயால செல்லுது."

"நீலமா இருந்தா என்னா?"

"அந்தச் சொல்லுக்குப் பொறகால இன்னொரு பக்கம் ஈக்கி. தட்டினா அங்க போகலாம்."

அருகில் நின்ற விஜயகலா, "அட, எனக்கும்தான் நீலமாத் தெரியுது. அழகுக்குப் போட்டிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"ஸ்கூல் புத்தகத்துல அதுக்குப் பேர் மீயிணைப்பு."

"மீன்னா என்னா?" என்று சுதர்ஷினி கேட்டாள்.

இஸ்ரா கொஞ்சம் யோசித்தாள். "எக்ஸாமுக்குப் பாடமாக்கினதுதான் அக்கா. அதை நான் கேட்டுப் பாக்கல்ல."

கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஹுஸைன் நானா, "மீறிப் போறதுன்டு செல்றோமே, அந்த மீயா ஈக்கும்" என்றார். அவர் அதைத் தெரிந்து சொன்னாரா, போகிறபோக்கில் சொன்னாரா என்று தெரியவில்லை. சுதர்ஷினி அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தை மீறிப் போகிற இணைப்பு.

"எங்க, தட்டிப் பாருங்க" என்றாள் இஸ்ரா.

சுதர்ஷினி விரலை நகர்த்தினாள். பிரேசில், இணைப்பு. இரண்டு முறை தட்டினாள். போன் ஒரு நொடி பேசாமல் இருந்தது. பிறகு ரப்பரை விட்டுவிட்டு, ஒரு நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அங்கே ஒரு பெரிய ஆறு இருந்தது. அமேசான், இணைப்பு. தட்டினாள். ஆற்றங்கரையில் காடு இருந்தது. காட்டில் நாள் தவறாமல் மழை. மழை, இணைப்பு. மழை மேகத்திலிருந்து வந்தது. மேகம், இணைப்பு.

மேகத்துக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேகங்களை அவள் பார்த்திருக்கிறாள். பதினோரு வயது வரைக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ரப்பர் மரங்களுக்கு மேலே தினமும் பார்த்திருக்கிறாள். அவற்றுக்குப் பெயர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கீற்றுமேகம், திரள்மேகம், படைமேகம் என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் அவளுக்குள் எங்கேயோ கிடந்த ஒரு வானம் எழும்பி வந்தது. கோழிச் சிறகு மாதிரி மெல்லிசாகக் கிடந்தது கீற்று. மாரியம்மன் கோயில் திருவிழா அன்றைக்கு மலைக்குப் பின்னாலிருந்து குவியல் குவியலாக வந்தது திரள்.

அண்ணி சாமான் வாங்கி முடித்துத் திரும்பி வந்தபோது, அவள் கடை வாசலில் போட்ட ஸ்டூலில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சுதா, பஸ் வந்துரும். எந்திரி."

"அண்ணி, மேகத்துக்கெல்லாம் பேரு இருக்கு."

"இருக்கட்டும். நீ மொதல்ல எந்திரி."

தோட்டத்துப் பாதையில் இறங்கி நடக்கும்போதுதான் சொன்னாள். "இத்தனை வருசமா எனக்கு எல்லாரும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க அண்ணி. பேப்பர் வாசிச்சுக் காட்டினீங்க. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. ஆனா ஒண்ணக் கேக்கணும்னா, அப்படி ஒண்ணு இருக்குன்னு மொதல்ல தெரியணுமே. இது அத சொல்லுது. இங்க ஒண்ணு இருக்கு, வேணும்னா வான்னு சொல்லுது."

விஜயகலாவுக்கு அது முழுசாக விளங்கவில்லை. ஆனால் பாதையில் கல் இருந்த இடத்தில் வழக்கம்போலக் கையைப் பிடிக்கப் போனவள், சுதர்ஷினியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி கழித்தே பிடித்தாள்.

அதன் பிறகு சுதர்ஷினிக்கு வேலை முடிந்து வந்தால் அதுதான் கதி. இஸ்ரா சொல்லிக் கொடுத்தபடி, போன வழியே திரும்பி வரவும் பழகினாள். உப்பில் தொடங்கிக் கடலுக்குப் போனாள். கடலிலிருந்து நிலாவுக்குப் போனாள். நிலாவில் மனிதன் நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். அவர்கள் கொண்டு வந்த கல் இன்னும் இருக்கிறது என்பதும், அதைச் சிலர் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. நிலாவைக் கையால் தொடலாம் என்பதை அன்றைக்கு ஏழுமலையிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சரிம்மா, சாப்புடு" என்றார் அவர். சாப்பிட்டாள். ஆனால் அந்தக் கல் சொரசொரப்பாக இருக்குமா, வழவழப்பாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

எல்லா இணைப்பும் நல்ல இணைப்பு இல்லை என்பதையும் அவள் கண்டுகொண்டாள். இஸ்ரா தன் வாப்பாவின் கடைக்கு ஒரு பக்கம் செய்து, "அக்கா, கேட்டுப் பாத்துச் செல்லுங்க" என்று அனுப்பியிருந்தாள். சுதர்ஷினி இணைப்புகளை மட்டும் தாவித் தாவிக் கேட்டாள். "இங்கே, இணைப்பு. இங்கே, இணைப்பு. இங்கே, இணைப்பு" என்றது குரல்.

உடனே இஸ்ராவுக்குப் போன் எடுத்தாள். "தங்கச்சி, எங்க?"

"என்ன எங்க?"

"இங்க இங்கன்னு மூணு தடவ கூப்பிடுது. எங்க கூப்பிடுதுன்னு சொல்ல மாட்டேங்குதே."

போனின் மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "விலை பாக்க இங்கே, ரிப்பேருக்கு இங்கே, கடைக்கு வர இங்கே. இங்கேங்கிறதத்தான் நீலமாக்கினேன்."

"விலைங்கிறத நீலமாக்கு. ரிப்பேருங்கிறத நீலமாக்கு. போற எடம் பேருல இருக்கணும்ல?"

இஸ்ரா அன்றைக்கே மாற்றிவிட்டாள். தான் செய்த எல்லாப் பக்கங்களையும் திரும்பத் திறந்து பார்த்ததாகப் பிறகு சொன்னாள். "எல்லாத்துலயும் இங்கே இங்கேன்டுதான் போட்டீக்கிறேன் அக்கா."

மழை விட்ட ஒரு பிற்பகலில் அது நடந்தது. மழையால் பால்வெட்டு இல்லாததால் ஸ்டோரிலும் வேலை இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இஸ்ரா சொல்லியிருந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில், ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைப் பற்றிய பக்கத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்த விஷயம்தானே என்று பாதிக் கவனத்தோடுதான் கேட்டாள். திடீரென்று குரல் சொன்னது:

"ஒட்டுப்பால், இணைப்பு, பக்கம் இல்லை."

விரல் அப்படியே நின்றது. மறுபடியும் அந்த இடத்துக்குக் கொண்டு போனாள். ஒட்டுப்பால், இணைப்பு, பக்கம் இல்லை.

தினமும் கையில் நாறுகிற சொல் அது. அதை எழுத்தில் அவள் ஒரு நாளும் சந்தித்ததில்லை. அது உலகத்துக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும் என்றே நினைத்ததில்லை. யாரோ அதை எழுதி, அதற்கு இணைப்பும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் இல்லையாம். இல்லாத பக்கத்துக்கு எப்படி இணைப்புப் போட்டார்கள்?

"அது சிவப்பா ஈக்கும் அக்கா" என்றாள் இஸ்ரா, போனில் கேட்டதற்கு. "இதப் பத்தி ஒரு பக்கம் வரணும், இன்னும் யாரும் எழுதல்லன்டு அர்த்தம்."

"யாரு எழுதுவாங்க?"

"தெரிஞ்ச யாரும்."

"யாரும்னா?"

"யாரும்தான். நீங்களும்தான்."

சுதர்ஷினி போனை மடியில் வைத்துவிட்டாள். இத்தனை நாளும் பிரேசிலையும் மேகத்தையும் நிலாவையும் எழுதி வைத்தவர்கள் யாரோ பெரிய ஆட்கள் என்று நினைத்திருந்தாள். அந்த ஆட்களுக்கு நடுவில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஒட்டுப்பால் என்று எழுதியிருந்தது.

மறுநாள் இஸ்ரா போனிலேயே வழி சொல்லி அவளுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். எழுதுவதற்கு அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வாயால் சொன்னால் போன் தானாக எழுதிக்கொள்ளும். ஆனால் "ஒட்டுப்பால்" என்று சொன்னதும் அது "ஓட்டு போல்" என்று எழுதியது. இன்னொரு தரம் சொன்னதற்கு "ஒட்டக பால்" என்றது. விஜயகலா சிரித்துச் சிரித்து இருமினாள். கடைசியில் அந்தச் சொல்லை மட்டும் அண்ணி எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"ஒட்டுப்பால் என்பது" என்று தொடங்கினாள் சுதர்ஷினி. மேகம் என்பது, நிலா என்பது என்றுதான் எல்லாப் பக்கமும் தொடங்கியிருந்தது. "வெட்டிய ரப்பர் மரத்தில், பால் வடிந்து முடிந்த பின், வெட்டு வாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் ஆகும்."

"ஆகும்னு போட்டதும் பெரிய ஆளு மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"நாறும்னு எழுதலாமா?"

"எழுது. நாறத்தானே செய்யுது."

"நாறும்னு நிலா பக்கத்துல எல்லாம் இல்லையே."

"நிலா நாறுதா?"

யோசித்துவிட்டு, "கடும் நாற்றம் உடையது" என்று எழுதினார்கள். பட்டையைப் பிய்த்து எடுப்பது, கழுவுவது, தரம் குறைந்த ரப்பராகப் போவது எல்லாம் எழுதினார்கள். தோட்டத்துச் சிங்களவர்களும் அதை ஒட்டப்பாலு என்றே சொல்வதை ஏழுமலை நினைவுபடுத்தினார். அதையும் சேர்த்தார்கள். மொத்தமே சில வரிகள் கொண்ட ஒரு சின்னப் பந்தி. சுதர்ஷினி "சேமி" என்ற இடத்தில் இரண்டு முறை தட்டினாள்.

பிறகு பால் எடுப்பதைப் பற்றிய பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"ஒட்டுப்பால், இணைப்பு" என்றது குரல். அத்தோடு நிறுத்திக்கொண்டது.

தட்டினாள். அவளுடைய சொற்களே வந்தன. பிரேசிலை வாசித்த அதே குரல், அதே நிதானத்தோடு, ஒட்டுப்பால் என்பது என்று தொடங்கி வாசித்தது. மூவரும் அசையாமல் கேட்டார்கள். வாசித்து முடிந்ததும் ஏழுமலை எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தார். "இத எங்க இருந்தும் கேக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் அந்தப் பக்கத்தின் கடைசியில் அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களிலும் இதை ஒட்டுப்பால் என்றே அழைப்பர்.

அவள் பயந்துபோனாள். அண்ணிதான் பார்த்து, ஜெபசெல்வி என்ற பெயரில் யாரோ சேர்த்திருப்பதாகச் சொன்னாள். கடலுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத ஒருத்தி, அவள் நிறுத்திய இடத்திலிருந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். தன் பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது சுதர்ஷினிக்குத் தெரியும். எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது. இந்தச் சொல் அங்கிருந்து வந்ததோ, இங்கிருந்து போனதோ, அதுவும் தெரியாது. ஆனால் இரண்டு கரையிலும் இரண்டு பேர் அதே நாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே சொல்லைச் சொல்கிறார்கள்.

இஸ்ரா போனில் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பக்கத்திலிருந்து எங்கே போகலாம் என்பது மட்டுமில்லை, அந்தப் பக்கத்துக்கு எங்கெங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வழி இருந்தது. சுதர்ஷினி கேட்டாள். இயற்கை ரப்பர். ரப்பர் மரம். பால் எடுத்தல். இன்னும் அவள் போகாத சில பக்கங்கள். எல்லாம் அவள் எழுதிய பந்திக்கு வந்து சேர்ந்தன.

"ஆனா நான் எழுதுனது முந்தா நாள்தானே? அதுக்குள்ள எப்படி?"

"இப்ப வந்ததில்ல அக்கா. அந்த இணைப்பெல்லாம் முந்தியே போட்டீக்கி. பால் எடுக்கிற பக்கத்துல போட்டது ரொம்ப வருசத்துக்கு முந்தி." இஸ்ரா அந்தப் பக்கத்தின் பழைய மாற்றங்களைத் தேடி, வருடத்தைச் சொன்னாள்.

சுதர்ஷினி மனதுக்குள் அந்த வருடத்துக்குப் போய்ப் பார்த்தாள். அவள் ஸ்டோருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். இருட்டுக்குள் உட்கார்ந்து பட்டையைப் பிய்த்துக்கொண்டு, இனிமேல் இவ்வளவுதான் என்று நினைத்திருந்த காலம். அப்போது யாரோ ஒருவர், எந்த ஊரிலோ இருந்து, இந்தச் சொல்லைத் தெரிந்த ஒரு ஆள் எங்கேயாவது இருப்பார், என்றைக்காவது வருவார் என்று நம்பி, அதற்கு வழி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன் பெயரைக்கூட அவர் முழுதாகப் போடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். ஜெபசெல்வியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் பால் வெட்டுபவருடைய மகள் அவள். ஒரு கேள்வி கேட்டிருந்தாள். மரத்தில் ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், சரி. பால் விழுகிற சிரட்டையின் அடியில் உறைந்து கிடக்கும் கட்டிக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர்? எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சுதர்ஷினிக்குத் தெரியவில்லை. ஸ்டோருக்கு வரும்போது எல்லாம் ஒரே சாக்கில் கலந்துதான் வரும்.

"அண்ணி, நாளைக்கு நானும் மலைக்கு வாறேன்."

பார்வை போன பிறகு அவள் பால் வெட்டும் மலைக்குப் போனதே இல்லை. "அட்டை கடிக்கும், வழுக்கும்" என்றார் ஏழுமலை. விஜயகலா அவரைப் பேச விடவில்லை. விடிந்ததும் தன்னுடைய பழைய பூட்ஸைக் கொடுத்து, இடுப்புத் துண்டின் நுனியைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிப் போனாள்.

மலை அவள் நினைத்திருந்ததைவிட அமைதியாக இருந்தது. காய்ந்த இலை காலடியில் நொறுங்கியது. முதல் மரத்தில் விஜயகலா அவள் கையைப் பிடித்து, சரிவாக ஓடும் வெட்டில் வைத்தாள். நார் குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் இருந்தது. சுதர்ஷினி நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். மெல்லிய சத்தத்தோடு, மரத்தை அரைச் சுற்றுச் சுற்றி, அறுந்து போகாமல் முழுதாகக் கழன்று வந்தது. சாக்கிலிருந்து அவள் எடுப்பதெல்லாம் சுருண்டு நசுங்கியதுதான். இவ்வளவு நீளமானது, இவ்வளவு நேராக மரத்தோடு ஓடுவது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு நாற்றமும் இல்லை.

"அண்ணி, மரத்துல இருக்கிறப்ப நாறல்ல."

"அது பெறகுதான் நாறும்."

"அப்ப நாம எழுதுனது பிழை. மாத்தணும்."

சத்தம் கேட்டுப் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். சுதர்ஷினி சிரட்டையைக் கையில் வாங்கி, அடியிலிருந்த கட்டியைத் தடவிக்கொண்டே கேள்வியைச் சொன்னாள்.

"சிரட்டப்பால்னு சொல்லுவோம்" என்றாள் ஒருத்தி.

"யாரு சொல்லுவா? கட்டின்னுதான் சொல்லுவோம்" என்றாள் இன்னொருத்தி.

"எங்கம்மா வேற என்னமோ சொல்லும். இரு, வருது, வாய்க்குள்ள இருக்கு."

"கேக்கிறது யாரு? தோட்டத் தொரையா?"

"இல்லங்க. இந்தியாவுல இருந்து ஒரு புள்ள. அவங்கப்பாவும் பால் வெட்டுறவரு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுதர்ஷினி மரத்தில் சாய்ந்து நின்று, போனைக் குரல்கள் வரும் பக்கம் நீட்டி, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க அக்கா, எல்லாம் பதிவாகுது" என்றாள்.